இளம்பரிதியின் சம்சாரம்

குடித்த தண்ணீர் எவ்வளவு நேரத்தில் எங்கே போய்ச் சேருகிறது என்று இளம்பரிதி இதற்குமுன் யோசித்ததில்லை. இப்போது யோசித்துக்கொண்டிருந்தான், வேறு எதையும் யோசிக்காமல் இருப்பதற்காக. தில்லைநகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்த ஸ்கேன் சென்டர். ஹாலில் சுவரோரமாக ஒன்றோடொன்று பிணைத்துப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, கொண்டுவந்த பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, மூலையில் இருந்த கேனிலிருந்து மறுபடி பிடித்து அதையும் பாதி குடித்திருந்தான். மூத்திரப்பை நிறைந்தால்தான் அதற்குப் பின்னால் இருக்கும் கர்ப்பப்பை திரையில் சரியாகத் தெரியும் என்று டாக்டர் மெஹருன்னிசா சொல்லியிருந்தார். நிறையாவிட்டால் கீழ்வழியாகக் கருவியை விட்டுத்தான் பார்ப்பார்கள், அது உங்களுக்கு வேண்டாம்னு நினைக்கிறேன், அதனால நல்லாக் குடிச்சிட்டு அடக்கிக்கிட்டு இருங்க என்றார். கர்ப்பப்பை என்ற சொல்லை அவனுடைய மீசையைப் பார்த்துக்கொண்டே, நுரையீரல் கல்லீரல் என்பதுபோலச் சொன்ன முதல் ஆள் அவர். அவன் வேலைபார்க்கும் கடையில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மிதவை மேலே எழும்பிப் பச்சை தெரிந்ததும் நிறுத்திவிடலாம். தனக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இன்னொரு மடக்கு குடித்தான். சட்டைக்குள்ளே மார்பை இறுக்கிக் கட்டியிருந்த பனியன் விலாவில் வெட்டியது. வயிறு முன்னால் தள்ளத் தள்ள மூச்சு மேலேயே நின்றது. கடையில் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். பல் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

பெண்ணாகப் பிறந்ததாக எழுதப்பட்டு, பெண்ணாக வளர்க்கப்பட்டு, இருபது வயதுக்குமேல் ஊரைவிட்டு வந்து ஆணாக வாழத் தொடங்கியவன் அவன். பெயரை மாற்றி, ஆதாரை மாற்றி, ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டு, குரல் இறங்கி, மீசை வந்து, மாதாமாதம் வந்துகொண்டிருந்தது நின்றும் வெகுகாலம் ஆகிவிட்டது. நின்றுபோனதை அவன் தீர்ந்துபோனது என்று எடுத்துக்கொண்டான். அது இந்தக் கோடையில் திரும்பி வந்தது, கூடவே அடிவயிற்றின் இடதுபக்கம் ஒரு வலியையும் கூட்டிக்கொண்டு. முதல் தடவை பார்த்தபோது குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அதன்பிறகு பல வாரங்கள் பார்க்காததுபோல இருந்தான். டாக்டர் மெஹருன்னிசாவிடம் போனதுகூட ஊசிக்காகத்தான். கதவைத் திறந்து வெளியே கால் வைத்தபிறகு திரும்பி வந்து சொன்னான். அவர் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே என்ன உறுப்பு இருக்கோ அதைப் பார்த்தாகணும் பரிதி, பேரு மாறினதால அது கவனிக்க வேண்டாம்னு ஆயிடாது என்றார். நான் போன் பண்ணிச் சொல்லிடறேன், அங்க யாரும் உங்களை ஒண்ணும் கேட்கமாட்டாங்க என்றும் சொன்னார். சொல்லியுமிருப்பார். போனை எடுத்தவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார். கவுண்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள். சார், இது லேடீஸ் ஸ்கேன் என்றாள். சரியாத்தான் எழுதியிருக்காங்க என்றான் அவன். பேஷன்ட் யாரு என்று கேட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்களின் மூச்சு பிடரியில் பட்டது. அவளே ஒரு முடிவுக்கு வந்து, ஓ, உங்க வீட்லவங்களுக்கா, அவங்க பேருக்குப் பதிலா உங்க பேரை எழுதிட்டாங்கபோல, பரவாயில்ல, தண்ணி குடிக்கச் சொல்லுங்க, கூப்பிடுவாங்க என்றாள். அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் செய்தது, தலையை ஆட்டியது. அதற்குள் அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

எதிர்ச் சுவரில் ஒரு போர்டு இருந்தது. இங்கு கருவில் உள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது, அப்படிக் கேட்பதும் சொல்வதும் தண்டனைக்குரிய குற்றம். அவன் அதைப் படித்தான். கண்ணை வேறுபக்கம் திருப்பினாலும் நாலைந்து வினாடியில் அது தானாக அங்கேயே போய் நின்றது. சொல்லப்படமாட்டாது. பிறந்தபிறகு சொல்வதற்குத் தடையில்லை. துறையூர் ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நர்சு அவனைத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்திருப்பாள், பார்த்ததைச் சொல்லியிருப்பாள், யாரோ எழுதியிருப்பார்கள், அப்பா வெளியே பீடியை அணைத்திருப்பார். அவள்மீது அவனுக்குக் கோபம் எதுவும் இல்லை. அவள் பார்த்ததைத்தான் சொன்னாள். போர்டின் கீழ்ப்பக்கத்தில் பல்லி எச்சம் காய்ந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் ஒயர் கூடையை மடியிலிருந்து தரைக்கு இறக்கிவிட்டு, உங்க வீட்ல எங்க தம்பி, ஆளையே காணோம் என்று கேட்டாள். மண்ணச்சநல்லூரிலிருந்து மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள், ஐந்தாம் மாதம். மருமகள் அந்தப் பக்கம் உட்கார்ந்து போனில் மூழ்கியிருந்தாள். கவுண்டரில் நடந்த பேச்சு முழுவதும் அந்த அம்மாள் காதில் விழுந்திருக்கிறது. பாத்ரூம் போயிருக்கா என்று வாய்வரை வந்ததை இளம்பரிதி விழுங்கினான். பாத்ரூம் போனால் ஸ்கேன் எடுக்கமாட்டார்களே, அந்த அம்மாளுக்கு அது தெரிந்திருக்கும். கீழ நிக்கிறா, போன் பேசிக்கிட்டிருக்கா என்றான். அந்த அம்மாள் இதை ஏற்றுக்கொண்டாள். எத்தனை மாசம் என்றாள். மாசமா இல்லைங்க, வயித்துவலி என்றான். சொன்னபிறகு தன் குரலை அவனே கேட்டான். வலி என்ற சொல்லை அவன் இந்த ஹாலில் ஒருவரிடம் சொல்லிவிட்டிருந்தான்.

அந்த அம்மாள் விடவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டாள். இடதுபக்கம். தீட்டு ஒழுங்கா வருதா. நின்னு போச்சுங்க, இப்போ திடீர்னு வருது. எத்தனை நாளா. கொஞ்ச நாளா, முன்னாடியே சொல்லியிருக்கலாம், சொல்லலை, அவ எதையும் சொல்லமாட்டா. அந்த அம்மாள் நாக்கைச் சப்புக்கொட்டி, பொம்பளைங்க அப்படித்தான் தம்பி, மறைச்சு மறைச்சே வச்சுக்குவோம், நீங்க கேட்டிருக்கணும்ல என்றாள். கேட்டிருக்கணும் என்று அவனும் ஒப்புக்கொண்டான். கீழே போன் பேசிக்கொண்டிருக்கிற அந்தப் பெண்மீது அவனுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. அவள் எப்படி இருப்பாள் என்று பார்க்க முயன்றான். முகம் வரவில்லை, அம்மாவின் முகம் வந்தது. அம்மாவுக்கும் இப்படித்தான், நின்றபிறகு வந்தது. கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் துணியை அலசிப் போடுவாள், யாரும் பார்க்காதபடி மேலே ஒரு பழைய பாவாடையை விரித்துவிடுவாள். அவன் பார்த்தான். பார்த்ததை அவளிடம் கேட்கவில்லை, அவள் மறைக்கும்போது தெரிந்ததாகக் காட்டிக்கொள்வது மரியாதையில்லை என்று அப்போது தோன்றியது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் கேட்டதற்கெல்லாம் அப்பாதான் பதில் சொன்னார். அவளுக்கு அப்பப்போ வலிக்குதும்பா சார், ராத்திரி தூங்கமாட்டேங்குறா சார். அம்மா பக்கத்து ஸ்டூலில் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு, தன் விஷயமில்லை என்பதுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கர்ப்பப்பையில புத்து, முத்திப்போச்சு என்று டாக்டர் சொன்னதும் அப்பாவிடம்தான். அப்போது டாக்டரின் மேசையில் ஒரு காகித எடை இருந்தது, கண்ணாடிக்குள் நீலப் பூ. அது ஏன் இவ்வளவு தெளிவாக ஞாபகம் இருக்கிறது, டாக்டரின் முகம் ஏன் இல்லை. இடதுபக்கம் சுருக்கென்றது. அல்லது மூத்திரம் முட்டுகிறதா. இரண்டும் இப்போது ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எது எதனுடையது என்று பிரிக்கமுடியவில்லை.

காலை மாற்றிப் போட்டான். இறுக்கினான். ஆஸ்பத்திரி என்றாலே தொடையில் ஒரு இறுக்கம் வந்துவிடும், சில வருஷங்களாகவே. காய்ச்சலுக்காக ஓர் இடத்தில் சேர்ந்திருந்தபோது ட்ரிப் மாற்ற வந்த இளம் டாக்டர் சட்டையைத் தூக்கி நெஞ்சில் குழலை வைக்கப்போனவர் நிறுத்திக்கொண்டார். வெளியே போய் இரண்டு பேரைக் கூட்டிவந்தார், அவர்கள் போய் மேலும் மூன்று பேரை. எப்ப ஆபரேஷன், கீழ என்ன, கல்யாணம் ஆயிருச்சா, எப்படி. ஒருவரும் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்கவில்லை. கெட்டவர்கள் இல்லை, சிரிக்கக்கூட இல்லை, புதிதாக வந்த மிஷினைச் சுற்றி நிற்பதுபோல நின்றார்கள். மறுநாள் காய்ச்சலோடேயே எழுந்து வந்துவிட்டான். அதிலிருந்து எது வந்தாலும் மருந்துக் கடை மாத்திரைதான். எதிரே நின்று பேசும்வரை தொல்லையில்லை, வாங்க, உக்காருங்க, சாப்ட்டீங்களா, எல்லாம் எல்லாருக்கும் பொது. ஆள் அந்தப்பக்கம் போனபிறகு பேசும்போதுதான் வந்தானா வந்தாளா என்று நாக்கு ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கிறது. அந்த வார்டில் நர்சுகள் கதவுக்கு வெளியே அந்த முடிவை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தது அவனுக்குப் படுக்கையில் கேட்டது. அவன், அவள், அது. டாக்டர் மெஹருன்னிசாவின் நர்சு மட்டும் முதல் நாளே, உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு சொல்லிடுங்க, நான் எழுதி வச்சுக்கறேன் என்று கேட்டாள். அண்ணான்னு கூப்பிடுங்க என்றான் விளையாட்டாக. அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அண்ணாதான்.

உள்கதவு திறந்தது. பச்சைச் சட்டை போட்ட பெண் ஒருத்தி சீட்டைப் பார்த்து, இளம்பரிதி சம்சாரம் யாருங்க என்று கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஹாலில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அவர்களில் ஒருத்தி சம்சாரமாக இருக்கவேண்டும் என்பதுபோல. இளம்பரிதி சம்சாரம், இளம்பரிதி சம்சாரம். அவன் போர்டைப் பார்த்தான். அந்த அம்மாள் அவன் முழங்கையைத் தொட்டு, தம்பி, உங்க வீட்லதான், ஓடிப்போய்க் கூட்டிட்டு வாங்க, விட்டா ரொம்ப நேரமாயிடும் என்றாள். அவனுக்காகக் கதவுப்பக்கம் குரல் கொடுத்து, கீழதாம்மா நிக்குது, இப்ப வந்துரும் என்றும் சொன்னாள். அவன் எழுந்தான். எழுந்ததும் வயிற்றுக்குள் எல்லாம் ஒரே கனமாகக் கீழே சரிந்தது. படியில் பக்கவாட்டாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான், இல்லாத ஒருத்தியைக் கூட்டிவர. கீழே மருந்துக் கடை வாசலில் வெயில் கண்ணில் குத்தியது. அவனுடைய வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. சாவி பாக்கெட்டில் இருந்தது. சந்துக்குள்ளே ஒரு சுவர், அதை ஒட்டி ஆண்கள் ஒன்றுக்குப் போய்ப் போய்க் கறைபடிந்த ஒரு மூலை. அங்கே அவனால் நிற்கமுடியாது. ஆனால் நாலு கடை தள்ளி டீக்கடைக்குப் பின்னால் கதவுள்ள கழிப்பறை இருந்தது. போனால் இந்த முட்டல் தீர்ந்துவிடும். தீர்ந்தால் இன்று ஸ்கேன் எடுக்கமுடியாது. எடுத்தாலும் அந்தக் கருவி. அதை நினைத்ததும் தொடை மறுபடி இறுகியது. இன்னொரு நாள் வரலாம். இன்னொரு நாள் வேறு சென்டருக்குப் போகலாம். அந்த இன்னொரு நாள் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், இதேபோல் ஒரு வெயிலில், இதேபோல் சாவி கையில் இருக்கும். டாக்டர் மெஹருன்னிசாவுக்குப் போன் செய்யலாமா என்று எடுத்தான். அவர் எடுத்துப் பேசுவார், கவுண்டரில் பேசுவார், எல்லாவற்றையும் சரிசெய்வார். அப்பா பேசியதுபோல அவர் பேசுவார், அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். போனை உள்ளே வைத்துவிட்டான். கீழே நின்று பேசிக்கொண்டிருந்திருக்கவேண்டிய அந்தப் பெண் எங்கே நின்றிருப்பாள் என்று ஒருமுறை பார்த்தான், அங்கே பெட்டியும் பையுமாக மருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடித்தான்.

மேலே பச்சைச் சட்டைக்காரி வேறொருத்தியை உள்ளே அனுப்பிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன தம்பி, காணோமா என்றாள் மண்ணச்சநல்லூர் அம்மாள். மருமகளும் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் மூச்சு வாங்கியதில் குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது.

"சம்சாரம்னு யாரும் இல்லைங்க. எனக்குத்தான் ஸ்கேன். சீட்டுல சரியாத்தான் எழுதியிருக்கு."

பச்சைச் சட்டைக்காரி சீட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை, அல்லது ஓடியதை அவன் பார்க்கவில்லை, மூத்திர முட்டல் அவன் கண்ணை மறைத்தது. ஹாலில் மின்விசிறி சுற்றியது. யாரோ ஒருவர் சிரிப்பதுபோல இருமினார். அந்த அம்மாள் தரையிலிருந்த ஒயர் கூடையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். அதை அவன் பார்த்தான். தண்ணி குடிச்சாச்சா என்றாள் பச்சைச் சட்டைக்காரி. குடிச்சாச்சு. அடக்க முடியுதா. முடியலைங்க. அப்ப அடுத்து நீங்கதான், உள்ள வந்து நில்லுங்க என்று கதவை அகலமாகத் திறந்தாள்.

உள்ளே இருட்டும் குளிரும். கட்டிலில் படுத்து பேண்ட்டை இடுப்புக்குக் கீழே இறக்கச் சொன்னார்கள், பச்சைச் சட்டைக்காரி அதற்குக் கீழே துணி ஒன்றைப் போட்டு மூடினாள். ஸ்கேன் பார்க்கும் டாக்டர் வயதானவர், ஏசிக்காகக் கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். பேஷன்ட் எங்கே என்றார். இவர்தான் சார் என்றாள் அவள். ஓ, என்றார். அந்த ஓ எவ்வளவு நீளம் என்று இளம்பரிதி அளந்துகொண்டிருக்கும்போதே ஜெல்லின் சில்லிப்பு வயிற்றில் பட்டது. கருவியை வைத்து அழுத்தினார். அவன் உலகத்தில் அந்த அழுத்தம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. ஹார்மோன் ஊசி போடறீங்களா, எவ்வளவு நாளா, நடுவுல விட்டுப்போச்சா என்று கேட்டார். அந்தக் கேள்விகள் வயிற்றோடு சம்பந்தப்பட்டவை. நடுவில் விட்டுப்போனது உண்மைதான், கடையில் லீவு கிடைக்காமல். அவர் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, சாம்பல் நிறத்தில் அசையும் திரையைத்தான் பார்த்தார், அது அவனுக்கு வசதியாக இருந்தது. கம்ப்யூட்டரில் இருந்தவர், சார், ஆணுன்னு போட்டா கர்ப்பப்பை பக்கம் திறக்கமாட்டேங்குது, பெண்ணுன்னு மாத்திடவா என்று கேட்டார். டாக்டர் கருவியை எடுக்காமல், மாத்தாதே, தனியா டைப் பண்ணிக் கொடு என்றார். அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. பிறகு அவனிடம், தண்ணி நல்லா நிறைஞ்சிருக்கு, தெளிவாத் தெரியுது என்றார். கட்டி ஒண்ணு இருக்கு, சின்னது, நார்க்கட்டி, பயப்படற மாதிரி தெரியலை. ஆனா உள்சுவர் கொஞ்சம் தடிச்சிருக்கு, அதுல ஒரு துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுவாங்க. ரிசல்ட் வந்தாத்தான் முடிவாச் சொல்ல முடியும். கர்ப்பப்பை உள்ள இருக்கறவரைக்கும் பார்த்துக்கிட்டே இருக்கணும், என்ன. சரிங்க சார் என்றான். இப்போ பாத்ரூம் போகலாம் என்றார். உள்கதவை ஒட்டி ஒரே ஒரு கழிப்பறை இருந்தது, கதவில் படம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. மூத்திரம் போகும்போது சிலருக்கு அப்படி வரும் என்று கேள்விப்பட்டிருந்தான். பயப்படற மாதிரி தெரியலை, முடிவாச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தான், எடுத்து மாற்றி வைத்துப் பார்த்தான். அம்மாவிடம் யாராவது நேராக இப்படிச் சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று தெரியவில்லை. ஒருவேளை சரிங்க சார் என்றுதான் சொல்லியிருப்பாள்.

ரிப்போர்ட்டுக்காக ஹாலில் காத்திருக்கச் சொன்னார்கள். மருமகள் உள்ளே போயிருந்தாள், அந்த அம்மாள் தனியாக இருந்தாள். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாகவே இருந்தது. வேறு இரண்டும் காலியாக இருந்தன. அவன் தூரத்து நாற்காலியை நோக்கி நடந்தான். இவ்வளவு நேரம் பொண்டாட்டிக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தியே என்று அந்த அம்மாள் பின்னாலிருந்து சொன்னாள். நீங்க போய் நீ ஆகியிருந்தது. அது இறக்கமா நெருக்கமா என்று அவனால் கண்டுபிடிக்கமுடியவில்லை. திரும்பி நின்று, பயமா இருந்துச்சுங்க என்றான். அவள் அவனைத் தலையிலிருந்து காலுக்கும் காலிலிருந்து தலைக்குமாகப் பார்த்தாள். புரிந்துகொள்ள முயன்றாளா, முயன்று விட்டுவிட்டாளா, அதுவும் தெரியவில்லை. கடைசியில் பார்வை அவன் வயிற்றில் வந்து நின்றது. உள்ள என்ன சொன்னாங்க என்றாள். கட்டி இருக்காம், சின்னதாம், சதை எடுத்து டெஸ்ட் பண்ணணுமாம். எனக்கும் இருந்துச்சு, மொத்தமா எடுத்துட்டாங்க, ஆச்சு, அஞ்சாறு வருஷம், இப்ப நல்லாத்தான் இருக்கேன் என்றாள் அவள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, கத்தரிக்காய் விலை சொல்வதுபோல. அவன் நின்றுகொண்டேயிருந்தான். உக்காரு, ஏன் நிக்கிற என்றாள். அவன் பழைய நாற்காலியிலேயே, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இப்பவும் வலிக்குதா?" என்று அவள் கேட்டாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான், எல்லாரிடமும் சொல்வது அதுதான்.

"வலிக்குதுங்க," என்றான்.